காசு கொடுத்து வாங்கிய கிரிட்: 2014 முதல் இன்று வரை

மார்த்தாண்டத்தில் ஒரு மாடி அறை, இரண்டு கம்ப்யூட்டர், நானும் கூட வேலை பார்த்த ஒரு தம்பியும். குலசேகரம், அருமனை பக்கத்து ரப்பர் கடைகளுக்குக் கொள்முதல் பில் போடும் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பதுதான் தொழில். 2014-ல், திரையில் வைக்கும் பெட்டி, கிரிட் (வரியும் கட்டமுமான அட்டவணை) போன்ற தயார் பாகங்கள் கொண்ட, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் யூஐ கன்ட்ரோல் தொகுப்பைக் காசு கொடுத்து வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். கீழே சொல்லப்போகும் குறைகள் அநேகமாக எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சம் இருப்பவைதான்.

வாங்க வைத்தது ஒரு எண்டர் கீ. கடையில் எடை போட ஆள் வரிசையில் நிற்பார்கள். ஷீட் எத்தனை கிலோ, ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர் பால்) எத்தனை கிலோ, ஈரத்துக்கு எவ்வளவு கழிவு, அன்றைய விலை என்று பில் போடுகிறவர் எண்களைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். அவர் கை எண்டர் கீயை விட்டு நகராது. நாங்கள் புரோகிராம் எழுதும் விஷுவல் ஸ்டுடியோவோடு சும்மா வரும் டேட்டாகிரிட்வியூ என்ற கிரிட்டில் எண்டர் தட்டினால் கர்சர் கீழே அடுத்த வரிக்குப் போய்விடும். கடைக்காரருக்கு அது வலது பக்கத்துக் கட்டத்துக்குப் போக வேண்டும். கோட் எழுதி மாற்றலாம், மாற்றினேன். கடைசிக் கட்டத்தில் ஒரு மாதிரி, எடிட் செய்யும்போது வேறு மாதிரி என்று ஒரு மாதம் அதிலேயே போனது. ட்ரையல் இறக்கிப் பார்த்த கிரிட்டில் அது ஒரே ஒரு செட்டிங். மேலே ஒரு ஃபில்டர் வரி, அடியில் மொத்தம், தேதிவாரியாக குரூப்பிங், எல்லாம் தயாராக இருந்தது. இரண்டு பேருக்கு இரண்டு லைசென்ஸ் வாங்கினோம். எத்தனை டெவலப்பர் என்பதற்குத்தான் காசு. எத்தனை கடைக்கு விற்றாலும் தனியாகக் கட்ட வேண்டாம். அது எங்களுக்குத் தோதாக இருந்தது.

தொகுப்பில் நூற்றுக்கு மேல் கன்ட்ரோல்கள். இத்தனை வருடத்தில் நான் தொட்டது நான்கு: கிரிட், தேதிப் பெட்டி, ரிப்போர்ட், சார்ட். சார்ட்டும் ஒரே ஒரு கடைக்குத்தான், அவரும் பார்ப்பதில்லை. மொத்தமாக வாங்கினால் லாபம் என்று விலைப்பட்டியலைப் பார்த்தால் தோன்றும். எனக்கு அது நஷ்டம்.

அப்புறம் வந்தது கொல்லங்கோடு. அந்த ஊர் மீன் கமிஷன் வியாபாரி ஒருவருக்கு மாதக் கணக்கைத் தமிழில் ரிப்போர்ட்டாக எடுத்து, பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பும் வசதி செய்து கொடுத்தேன். மறுநாள் காலையில் போன்: “மக்களே, எங்க ஊரு பேரு எதுக்கு இப்பிடி முறிஞ்சு கெடக்கு?” திறந்து பார்த்தால், ‘கொ’வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் ஒரு புள்ளி வட்டத்தோடு நிற்கிறது. ‘கோ’வுக்கும் அதே கதி. ஒரே பெயரில் இரண்டு இடத்தில் அடி.

காரணம் எளிதுதான். யூனிகோடில் முதலில் க வரும், அதன் பிறகுதான் கொம்பு. காட்டும்போது அதை முன்னால் இழுத்து வைப்பது திரையில் விண்டோஸின் வேலை. பிரிண்டரிலும் அப்படியே சரியாக வந்தது. பிடிஎஃப்பை மட்டும் அந்தக் கன்ட்ரோல் தானே நேரடியாக எழுதுகிறது. எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் அந்த வேலையை அது செய்வதே இல்லை. சப்போர்ட்டுக்கு எழுதினேன். மரியாதையாக, மறுநாளே பதில் வந்தது: தற்போது அந்த வசதி கிடையாது. கடைசியில் விண்டோஸ் 10-ல் இருக்கும் ‘பிரிண்ட் டு பிடிஎஃப்’ வழியாக அனுப்பித் தப்பித்தேன். இதே வகையில் இன்னொன்று: திரையில் 12,34,567 என்று அழகாக இருக்கும் தொகை எக்செல்லுக்குப் போனதும் 1,234,567 ஆகிவிடும். லட்சத்தில் கணக்குப் பார்க்கிறவருக்கு அது கண்ணைக் கட்டிவிட்டதுபோல.

பெரிய செலவு வேறு இடத்தில் இருந்தது. 2016-ல், புது வெர்ஷன்கள் கிடைப்பதற்கான ரினியூவலை நிறுத்தினேன். வாங்கிய வெர்ஷன் நமக்கே சொந்தம், ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்ற தைரியம். உண்மையில் ஓடியது, ஆறு வருடம். 2022-ல் மைக்ரோசாஃப்டின் புதிய தளமான டாட் நெட் 6-க்கு மாற உட்கார்ந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். பழைய டிஎல்எல் (கன்ட்ரோல்கள் அடங்கிய ஃபைல்) அதற்கு முந்தைய டாட் நெட் ஃபிரேம்வொர்க்குக்காகச் செய்தது. திரையை வடிவமைக்கும் புது டிசைனரில் ஃபார்மை, அதாவது சாஃப்ட்வேரின் ஒரு திரையைத் திறக்கவே முடியவில்லை. இத்தனை வருடம் விட்டதற்கு ரினியூவல் விலை கிடையாது, புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். வாங்கினபோது டாலர் 60 ரூபாய் பக்கம். 2022 கடைசியில் 82-ஐத் தாண்டியிருந்தது. அதற்கு மேல் கார்டு கட்டணம். நாங்கள் ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பதால் ரிவர்ஸ் சார்ஜில் 18 சதவீதத்தை நாங்களே கட்டிவிட்டு கிரெடிட் எடுக்க வேண்டும். திரும்பி வரும் பணம்தான், ஆனாலும் முதலில் கையில் இருக்க வேண்டுமே.

ஒன்றே ஒன்று முன்யோசனையாகச் செய்திருந்தேன். அவர்கள் கிரிட்டை நேரடியாக எந்த ஃபார்மிலும் வைக்கவில்லை. அதிலிருந்து என் பெயரில் ஒரு கிளாஸ் (கோடில் ஒரு தனிப் பாகம்) எழுதி, எல்லா இடத்திலும் அதையே போட்டிருந்தேன். நாற்பது ஃபார்ம் கொண்ட சாஃப்ட்வேரில் மாற்ற வேண்டியது பெரும்பாலும் அந்த ஒரு ஃபைலோடு முடிந்தது. ரிப்போர்ட்டுக்கு அப்படிச் செய்யவில்லை. அதை மாற்ற மூன்று மாதம் ஆனது.

புதிதாக ஆரம்பிக்கிற சின்ன அணி என்றால் உடனே காசை எடுக்க வேண்டாம். சின்க்ஃபியூஷன் என்ற கன்ட்ரோல் கம்பெனி, கம்யூனிட்டி லைசென்ஸ் என்று இலவசமாகவே தருகிறது: வருட வருமானம் 10 லட்சம் டாலருக்குக் கீழ், டெவலப்பர் ஐந்து பேருக்கு மிகாமல், மொத்த ஊழியர் பத்துப் பேருக்கு மிகாமல் இருக்க வேண்டும். நம் ஊர் சாஃப்ட்வேர் அணிகளில் முக்கால்வாசி அதற்குள் அடங்கிவிடும். வெப்பில் செய்கிறவர்களுக்கு ஏஜி கிரிட்டின் கம்யூனிட்டி பதிப்பு, இலவசமாகப் பயன்படுத்த விடும் எம்ஐடி லைசென்ஸில் கிடைக்கிறது. குரூப்பிங்கும் எக்செல் எக்ஸ்போர்ட்டும் வேண்டுமென்றால்தான் காசு. அந்த இரண்டையும் கேட்காத கடைக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

2022-ல் மறுபடி வாங்கியது அதே கம்பெனியிடம்தான். ஒரே லைசென்ஸ், கிரிட்டும் ரிப்போர்ட்டும் மட்டும் உள்ள சின்னத் தொகுப்பு. காசு கட்டுவதற்கு முன் ட்ரையலில் நான்கு வரி தட்டிப் பிடிஎஃப் எடுத்துப் பார்த்தேன்: கொல்லங்கோடு, தேங்காப்பட்டணம், செண்பகராமன்புதூர், மேல்புறம். இந்த முறை நான்கும் முறியாமல் வந்தன.