அம்மாவோட முட்டி ஆபரேஷனுக்கு வாங்குன பாட்டுப் பொட்டி, 6 வாரம் கழிச்சு எழுதுற ரிவியூ

மொதல்லயே சொல்லிடுறேன், பேஸ் எப்படி, சவுண்டு எப்படின்னு தெரிஞ்சுக்க வந்தவங்க வேற ரிவியூ பாத்துக்கங்க, எனக்கு அதெல்லாம் தெரியாது. எங்கம்மாவுக்கு 67 வயசு, போன ஆவணில வலது முட்டி மாத்துற ஆபரேஷன் மதுரையில நடந்துச்சு. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, பழைய பாட்டா ஆயிரக்கணக்குல ஏத்தி அந்தக் கால ரேடியோ மாதிரியே செஞ்சு விக்கிறாங்கல்ல, அந்தப் பொட்டி ஒண்ணு வாங்குனேன், 6,000 சொச்சம் ஆச்சு. எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, கொற வேற சொல்லப் போறேன், நாலஞ்சு பேரு இதே மாதிரி போடுறாங்க, எல்லாம் ஏறக்கொறைய ஒரே சரக்குதான்.

வாங்கச் சொன்னது என் கொழுந்தியா, அவ ஒரு ஆஸ்பத்திரில வார்டு சிஸ்டரா இருக்கா. "மாமா, அத்தைக்குப் பூ பழம் வாங்குறத விட்டுட்டு பாட்டு கேக்க எதாச்சும் வாங்கிட்டு வாங்க"ன்னா. நான் சிரிச்சேன். அப்பறம் அவ சொன்ன விஷயத்த நானும் தேடிப் படிச்சேன், 2015ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகைல ஒரு பெரிய அலசல் வந்துருக்கு, ஆபரேஷன் பண்ணுனவங்களுக்குப் பாட்டு போட்டுப் பாத்த 73 ஆராய்ச்சிய மொத்தமா சேத்துக் கணக்குப் போட்டது, ஏறத்தாழ 7,000 நோயாளிங்க. வலி கொறஞ்சிருக்கு, பதட்டம் கொறஞ்சிருக்கு, வலி மாத்திரை கேக்குறதும் கொறஞ்சிருக்கு. மயக்கத்துல இருக்கும்போது போட்டாக்கூட கொஞ்சம் பலன் இருந்துச்சாம். ஆனா பாட்டு கேட்டதுனால யாரும் சீக்கிரம் டிஸ்சார்ஜ் ஆகல, அதையும் அதுலயே சொல்லிட்டாங்க. இந்த ரெண்டாவது பாதி எனக்குப் புடிச்சுது, எல்லாம் சரியாயிரும்னு அடிச்சு விடாம கொஞ்சம்தான் ஆகும்னு சொல்றவங்கள நம்பலாம்.

சரி கதைக்கு வர்றேன். ஆபரேஷன் அன்னிக்கு ராத்திரி அம்மா ஜம்முனு இருந்தாங்க. முதுகுல ஒரு ஊசி, தொடைப்பக்கம் நரம்ப மரத்துப்போக வைக்கிற ஊசி ஒண்ணு, அதோட வேலை அது. "இவ்வளவுதானாடா, இதுக்கா இத்தன வருஷம் பயந்தேன்"னு இட்லி சாப்ட்டுப் படுத்தவங்க, விடிகாலைல ஊசியோட வேகம் எறங்க எறங்க முழிச்சாங்க பாருங்க, நான் வாழ்க்கைல எங்கம்மா அப்படி பல்லக் கடிச்சுப் பாத்தது இல்ல. முட்டி மாத்தப்போற வீட்ல இருக்கிறவங்க இதத் தெரிஞ்சுக்கங்க, மொத ராத்திரிய வெச்சு எடை போடாதீங்க, ரெண்டாம் நாள்தான் ஆட்டம் ஆரம்பம். சிஸ்டர் வந்து "பத்துக்கு எத்தனை மார்க் வலி பாட்டிம்மா"ன்னு கேக்குறாங்க, சைபர்னா வலியே இல்ல, பத்துன்னா தாங்கவே முடியாது, அதான் கணக்கு. அம்மா நம்பர் சொல்லமாட்டேங்குறாங்க, "விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுங்க தாயி, நடுவுல சுள்ளு சுள்ளுங்குது"ன்னு சொல்றாங்க. சிஸ்டர் கொஞ்ச நேரம் யோசிச்சு 8ன்னு எழுதிக்கிட்டாங்க. மருந்து குடுத்தாங்க, நான் பொட்டிய ஆன் பண்ணுனேன்.

இங்கதான் மொத கொற. ஆன் பண்ணுன ஒடனே இந்தப் பொட்டி தன் பேரச் சொல்லி டிங்குனு ஒரு மியூசிக்கோட வரவேற்குது, ஃபுல் சவுண்டுல, காலைல அஞ்சு மணிக்கு, ரெண்டு பேரு இருக்கிற ரூம்ல. பக்கத்துக் கட்டில்ல இடுப்பு ஆபரேஷன் பண்ணுன அய்யா ஒருத்தர் அலறி எந்திரிக்கப் போயிட்டாரு. அந்த அறிவிப்ப நிறுத்த வழியே இல்ல, தேடித் தேடிப் பாத்துட்டேன். இயர்போன் குடுக்கலாம்னா அம்மாவுக்குக் காதுல நிக்கல, தோடு வேற இடிக்குது. கடைசில 400 ரூவாய்க்கு தலகாணிக்கு அடியில வைக்கிற தட்டையான ஸ்பீக்கர் ஒண்ணு வாங்கி, வயரு சொருகி, அதுல கேக்க வெச்சேன். அது அற்புதம்ங்க. தலை வெச்சாத்தான் கேக்கும், பக்கத்துல உக்காந்திருக்கிற எனக்கே கேக்காது. பொட்டிய விட இந்த 400 ரூவா சாமானுக்குத்தான் முழு மார்க்கு.

அடுத்து பாட்டு. நெட்ல என்ன போட்டுருக்கான், நிமிஷத்துக்கு 60லேர்ந்து 80 தட்டு போற மாதிரி மெதுவான பாட்டு, வார்த்தையில்லாத இசைதான் வலிக்கு நல்லதுன்னு. சரின்னு நானும் புல்லாங்குழல், வீணை, நீலாம்பரி ராகம்னு ஒரு லிஸ்ட் ரெடி பண்ணி வெச்சிருந்தேன். அம்மா பத்து நிமிஷம் பொறுமையா கேட்டுட்டு "யாரு செத்துட்டாடா"ன்னு கேட்டாங்க. அதோட அந்த லிஸ்ட் காலி. நடுவுல ஃபோன்ல 'வலி போக்கும் அதிர்வலை'ன்னு ஒரு எட்டு மணி நேர வீடியோ போட்டுப் பாத்தேன், ங்ங்ங்ஞொய்னு ஒரே சத்தம், எட்டாவது நிமிஷத்துல நகைக்கடை விளம்பரம் அலறுச்சு. அதுக்கு மார்க்கு போடுற ஐடியாவே இல்ல.

அம்மாவுக்குப் புடிச்சது அவங்க கல்யாணமான புதுசுல டீக்கடை ரேடியோல கேட்ட பாட்டுங்கதான், அது பொட்டில எக்கச்சக்கமா இருக்கு, அந்த விஷயத்துல கம்பெனிக்காரனக் கொற சொல்லமுடியாது. பட்டனும் பெருசு, கண்ணாடி இல்லாமலே திருகிக்கிறாங்க, ஃபோன்னா என்னக் கூப்பிடணும், இதுக்கு யாரையும் கூப்பிட வேணாம். இது சாதாரண விஷயம் இல்லங்க. பாத்ரூம் போகக்கூட ஆளு வேணும்னு கெடக்கிற மனுஷிக்கு, தன் கையால செய்ய முடிஞ்ச ஒரே காரியம் அந்த நேரத்துல பாட்டு மாத்துறதுதான்.

கொற என்னன்னா குறிப்பிட்ட ஒரு பாட்டுக்கு நேரா போகமுடியாது, அது போடுறதத்தான் கேக்கணும், இல்லன்னா தள்ளிக்கிட்டே போகணும். மூணாம் நாள் ராத்திரி வரிசையா நாலு சோகப் பாட்டு வந்து அம்மா எங்கப்பாவ நெனச்சு அழுதுட்டாங்க, வலி அதுல கூடிருச்சு. தூங்குனா தானா அணையிற டைமரும் கெடையாது, பேட்டரி எறங்குற வரைக்கும் பாடிக்கிட்டே இருக்கும். முட்டி ஆபரேஷன்ல ராத்திரி வலிதான் பெருந்தொல்லை, அந்த நேரத்துக்குத் தேவையான ஒரே வசதி அந்த டைமரு, அது இல்லாம எவன் டிசைன் பண்ணுனானோ.

நாலாம் நாள் டிஸ்சார்ஜ், எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். பிசியோ தம்பி தெனம் சாயங்காலம் வருவாப்ல. முட்டிய மடக்க வைக்கிற வேலை, 90 டிகிரி வரைக்கும் கொண்டாரணும்னு டார்கெட். அதுதான் உண்மையான வலி, மத்ததெல்லாம் அதுக்கு முன்னாடி தூசி. இதுல ரெண்டு விஷயம் கத்துக்கிட்டோம். ஒண்ணு, டாக்டர் எழுதிக்குடுத்த வலி மாத்திரைய தம்பி வர்றதுக்கு அர மணி முக்கா மணி நேரம் முன்னாடியே போட்டுரணும், வலி வந்தப்பறம் போட்டா அது மருந்த முந்திக்கிட்டு ஓடிரும். மருந்தில்லாம பாட்டுலயே சமாளிக்கிறேன்னு வீரம் பேசுறவங்க இத நல்லாப் படிங்க, பாட்டு மாத்திரைக்குக் கூட வர்ற ஆளுதான், மாத்திரைக்குப் பதிலா வர்ற ஆளு இல்ல.

ரெண்டாவதுதான் நான் இந்த ரிவியூ எழுதவே காரணம். தம்பி ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுனா அம்மா எட்டுலயே "போதும்ப்பா"ன்னு கையெடுத்துக் கும்புட்டுருவாங்க. ஒருநாள் சும்மா பொட்டி பாடிக்கிட்டு இருந்துச்சு, தம்பி எண்ணாம "இந்தப் பாட்டு முடியிற வரைக்கும் பாட்டி"ன்னாப்ல. முழுப் பாட்டுக்கும் மடக்குனாங்க! அப்பலேர்ந்து எங்க வீட்ல எல்லாத்துக்கும் கடிகாரம் பாட்டுதான். மடக்கி நீட்டுறது ஒரு பாட்டு. வாக்கர் புடிச்சு ஹால்ல நடக்குறது ரெண்டு பாட்டு. ஐஸ் வைக்கிறது நாலு பாட்டு, அதாவது 15லேர்ந்து 20 நிமிஷம், துண்டு சுத்தித்தான் வைக்கணும், தோல்ல நேரா வெச்சா புண்ணாயிரும். வலி முடியிற எடம் எதுன்னு தெரிஞ்சா மனுஷங்க தாங்கிக்கிறாங்க போல. அம்மாகிட்ட கேட்டப்ப, "நாத்து நடுறப்ப இப்படித்தான்டா, குனிஞ்ச முதுகு ஒடிஞ்சு போகும், பாட்டுக் கட்டிக்கிட்டா வரப்பு வந்ததே தெரியாது"ன்னாங்க. சோழவந்தான் பக்கம் வயல்ல அவங்க இளவயசு பூரா அதான். 73 ஆராய்ச்சியும் தேடிப் படிச்ச எனக்கு பக்கத்துல உக்காந்திருக்கிற எங்கம்மாவுக்கு இது முன்னாடியே தெரியும்ங்கிறது தெரியல பாருங்க.

மூச்சுப் பயிற்சியும் சொல்லிக் குடுத்தாங்க, 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடணும்னு. எண்ணத் தெரியாம இல்ல, வலில எண்ணிக்கை தப்பிப் போயி இன்னும் எரிச்சல் ஆயிட்டாங்க. ஆனா பாட்டு கூடவே முணுமுணுத்தப்ப மூச்சு தானா நீளமா வெளிய போச்சு, சொல்லிக் குடுக்கவே வேணாம்.

கூடவே வாங்குன மத்த சாமான பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். ஜெல் பேக் ரெண்டு, ஒண்ணு ஃப்ரீசர்ல ஒண்ணு முட்டில, 300 ரூவாய்க்கு இதவிட நல்ல செலவு கெடையாது. எங்க அத்தை பாக்க வந்துட்டு "வெந்நி ஒத்தடம் குடுக்காம ஐஸ வெச்சு எலும்பக் குளிர வெக்கிறீங்களே"ன்னு ஒரே சண்டை, ஆனா ஆபரேஷன் புதுசுல வீக்கம் இருக்கிறப்ப சூடு வெச்சா வீக்கம் கூடும்னு டாக்டர் கறாரா சொல்லிருந்தாரு. அத்தை இன்னும் ஒத்துக்கல. அப்பறம் முட்டிக்கு அடியில சொகமா இருக்குன்னு தலகாணி வைக்காதீங்க, குதிகாலுக்கு அடியில வைங்க, இல்லன்னா கால் முழுசா நீட்ட வராது.

கரெண்ட் மெஷின் ஒண்ணும் வாங்குனேன், தோல்ல பேட் ஒட்டி லேசா ஷாக் குடுக்குமே, டென்ஸ் மெஷின். அது பின்னாடி இருக்கிற ஐடியா நல்ல ஐடியாதான், 1965ல மெல்சாக், வால்னு ரெண்டு பேரு சொன்ன கதவுக் கணக்கு. முதுகுத்தண்டுல ஒரு கதவு மாதிரி இருக்கு, தடவுறது, அதிர்வு மாதிரி செய்தி அதுல முண்டியடிச்சா வலிச் செய்திக்கு வழி கொறஞ்சிரும், அடிபட்ட எடத்த நம்ம கை தானா தேய்ச்சு விடுதுல்ல அதே கதைதான். ஆனா எங்கம்மாவுக்கு "எறும்பு ஊருதுடா, எடுத்துரு"ங்கிறதத் தவிர வேற பலன் தெரியல. சில பேருக்கு நல்லா கேக்குதுன்னு தம்பி சொன்னாப்ல. பேஸ்மேக்கர் வெச்சிருக்கிறவங்க டாக்டரக் கேக்காம தொடவே கூடாது, தையல் போட்ட எடத்துலயும் ஒட்டக்கூடாது. எங்க வீட்ல 1,800 ரூவா இப்ப பீரோ மேல இருக்கு.

காசே ஆகாத ஒண்ணு சொல்றேன். 1984ல ராஜர் உல்ரிக்னு ஒருத்தர் அமெரிக்காவுல ஒரு ஆஸ்பத்திரி ரெக்கார்ட எடுத்துப் பாத்து எழுதுனாரு, பித்தப்பை ஆபரேஷன் பண்ணுன 46 பேரு, பாதிப்பேருக்கு ஜன்னல் வழியா மரம் தெரியும், பாதிப்பேருக்கு செங்கல் செவுரு. மரம் பாத்தவங்க பலமான வலி மருந்து கம்மியா கேட்ருக்காங்க, சீக்கிரமாவும் வீட்டுக்குப் போயிருக்காங்க. இதப் படிச்சிட்டு அம்மா கட்டில ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன், பக்கத்து வீட்டு வேப்பமரமும் அதுல அணிலும் தெரியும். வலி கொறஞ்சுதான்னு தெரியல, ஆனா அணிலுக்கு எத்தன குட்டின்னு தெரியும் அம்மாவுக்கு.

ஒரு எச்சரிக்கை. ஒம்பதாம் நாள் கெண்டைக்கால் வீங்கி அங்க ஒரு புது வலி. நான் பழக்கதோஷத்துல பாட்டப் போட்டு ஐஸ் எடுக்கப் போனேன். கொழுந்தியா ஃபோன்ல கத்துனா, "மாமா அது ரத்தக்குழாய்ல ரத்தம் ஒறஞ்சு கட்டுனதா இருக்கலாம், ஒடனே கெளம்புங்க"ன்னு. ரத்த ஓட்டத்தப் பாக்குற டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பாத்தாங்க, ஒண்ணும் இல்ல, ஆனா இருந்திருந்தா உயிருக்கே வெனை. கெண்டைக்கால் வீக்கம், காய்ச்சல், தையல்ல சீழ், மூச்சு வாங்குறது, நெஞ்சு வலி, இதுல எது வந்தாலும் பாட்ட நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. இன்னொண்ணு, பொட்டியோட சார்ஜர் வயர தரையில விடாதீங்க, வாக்கர் கால்ல மாட்டுனா கத கந்தலாயிரும். எங்க வீட்ல ஒருதடவ மாட்டிருச்சு, நான் புடிச்சுட்டேன்.

மூணாவது வாரம் 80 டிகிரிலயே நின்னு போச்சு, ரேடியோ பாட்டெல்லாம் அம்மாவுக்கு சலிச்சுப் போச்சு. "அழகர் வர்ணிப்பு இருக்காடா இதுல"ன்னு கேட்டாங்க. சித்திரைத் திருவிழாவுல அழகர் மதுரைக்கு வர்ற கதைய கிராமத்து ஆளுங்க பாடுவாங்களே, அது. பொட்டில தேடுனா இல்ல, எப்படி இருக்கும். ஊர்ல பெரியப்பா ஒருத்தர் பாடுவாரு, ஃபோன்ல ரெக்கார்டு பண்ணி அனுப்பச் சொன்னேன், மூணு தடவ வெத்தல துப்பிட்டு, நடுவுல நாய் கொலைக்க, 22 நிமிஷம் பாடி அனுப்புனாரு. பென்டிரைவ்ல ஏத்தி பொட்டில சொருகுனேன், பாடுச்சு. இதுக்காகவே ஒரு ஸ்டார் கூட போடுறேன், பென்டிரைவ் போடுற எடம் இல்லாத மாடல வாங்காதீங்க.

அஞ்சுக்கு மூணரை. டைமர் வெச்சு, அந்த டிங் சத்தத்த எடுத்தா நாலரை. இப்ப அம்மா முட்டி 105 டிகிரி மடங்குது, வர்ணிப்புல அழகர் ஆத்துல எறங்குற எடம் வர்றப்பதான் கடைசி அஞ்சு டிகிரி, தம்பியும் அது எப்ப வரும்னு மனப்பாடம் பண்ணி வெச்சிருக்காப்ல.