பப்ல வாசிக்கிற சின்ன பேண்டுக்கு எது நிஜமாவே உதவுது: சில வருஷ பயன்பாட்டு அனுபவம்

வாரம் பூரா வேலை, வார கடைசில பப்ல ஷோ, இதான் எங்க பேண்டு. ட்ரம்ஸ், பேஸ், ரெண்டு கிட்டார், அதுல ஒருத்தர்தான் மெயின் வோக்கல், இன்னும் ரெண்டு பேர் கோரஸ் பாடுவோம். சவுண்ட் இஞ்சினியர்னு தனியா ஆள் கிடையாது, பிஏ சிஸ்டமும் (ஆடியன்ஸுக்கு கேக்க வைக்கிற ஸ்பீக்கரும், எல்லா சத்தத்தையும் கலக்கற மிக்ஸரும்) எங்களோடதுதான், நாங்களே தூக்கிட்டு போய் நாங்களே செட் பண்ணி நாங்களே கழட்டி எடுத்துட்டு வரணும். இந்த நிலைமைல சில வருஷமா யூஸ் பண்ணதுல எது நின்னுச்சு, எது மூலைல கிடக்குதுன்னு எழுதுறேன், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு காசு மிச்சமாகும்.

முதல்லயே சொல்லிடறேன், நாங்க வாங்கின எந்த பொருளையும் விட பெரிய வித்தியாசம் கொடுத்தது ஸ்டேஜ் வால்யூமை குறைச்சதுதான். இதுக்கு பைசா செலவு இல்ல, ஆனா நாலு பேரும் ஒத்துக்கணும், அதுதான் கஷ்டம். ஏன்னா சின்ன ரூம்ல எவ்வளவு சத்தமா வாசிக்கலாம்ங்கறத முடிவு பண்றது பாடகரோட மைக். ஃபீட்பேக் (ஸ்பீக்கர் சத்தம் திரும்ப மைக்குள்ள புகுந்து கூ-ன்னு கத்தறது) வராம அந்த மைக்க எவ்வளவு ஏத்த முடியுமோ அதுதான் மேல் எல்லை, ஸ்பீக்கர் எத்தனை வாட்ஸா இருந்தாலும் அதுக்கு மேல போக முடியாது. கீழ் எல்லை ட்ரம்ஸ். மைக்கே இல்லாம அடிச்சாலும் சின்ன ரூம்ல பக்கத்துல நின்னா 100 டெசிபல சுலபமா தொட்டுடும். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற கொஞ்சூண்டு இடத்துலதான் ரெண்டு கிட்டாரும் பேஸும் உட்காரணும். அதனால நாங்க சவுண்ட்செக் ஆரம்பிக்கிறதே வோக்கல்லேந்துதான், அவர் மைக்க ஃபீட்பேக் வர்ற வரைக்கும் ஏத்தி அங்கேந்து கொஞ்சம் இறக்கி வச்சுக்குவோம், அப்புறம் ட்ரம்ஸ் சேரும், அதுக்கப்புறம் வார்த்தை புரியுற அளவுக்கு மத்தவங்க தங்களோட ஆம்ப்ப வச்சுக்கணும். வார்த்தை புரியலன்னா வோக்கல ஏத்தறது இல்ல, மத்தத குறைக்கிறதுதான் எங்க பழக்கம்.

ட்ரம்மர் மெதுவா அடிக்கணும்னு சொன்னா யாருக்கும் பிடிக்காது, அதுலயும் நியாயம் இருக்கு, மெதுவா அடிச்சா ஃபீல் போயிடும். எங்க ட்ரம்மருக்கு உதவினது 5ஏ ஸ்டிக்லேந்து அத விட மெல்லிசான 7ஏவுக்கு மாறினது, மெல்லிசான சிம்பல்ஸ், சத்தத்த அமுக்க ஸ்னேர் ட்ரம் மேல ஒட்டற டேம்பனிங் ஜெல். ரொம்ப சின்ன இடமா இருந்தா மெல்லிசு குச்சிகள கட்டா கட்டின ராட்ஸ் எடுத்துட்டு வருவார், அது ஸ்லோ பாட்டுக்கு அருமை, ஃபாஸ்ட் பாட்டுல சப்புனு இருக்கும்.

இன்னொரு விஷயம், பாடகர் ட்ரம்ஸுக்கு முன்னாடி நின்னு ஆடியன்ஸ பார்த்து பாடுறார்னா மைக்கோட வாய் அவரையும் தாண்டி ட்ரம்ஸத்தான் பார்க்குது, அவர் நகர்ந்து நின்ன அடுத்த செகண்ட் சிம்பல் சத்தம் பூரா பிஏல போகும். மைக் ஸ்டாண்ட ட்ரம்ஸோட நேர்கோட்டுலேந்து ஒரு பக்கமா தள்ளி வச்சாலே பாதி குறையும், கோரஸ் இல்லாத பாட்டுக்கு கோரஸ் மைக்க ம்யூட் பண்ணிட்டா மீதியும் குறையும்.

கிட்டார் ஆம்ப் கதைக்கு வருவோம். தரைல வச்ச ஆம்ப் வாசிக்கிறவரோட முட்டிக்கு வாசிக்குது, காதுக்கு இல்ல. 12 இன்ச் ஸ்பீக்கர்ல ட்ரெபிள் நேர்கோட்டுல போகும், அதனால மூணு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறவருக்கு காது கிழியும்போது ஆம்ப்புக்கு பக்கத்துல நிக்கிறவர் எனக்கு ஒண்ணுமே கேக்கலன்னு ஏத்திட்டே இருப்பார். ஆம்ப்ப சாய்ச்சு வைக்கிற ஸ்டாண்ட் ஒண்ணு வாங்கினோம், இவ்வளவு வருஷத்துல எங்களுக்கு ரொம்ப லாபமான பொருள் அதுதான்னு சொல்லுவேன். முகத்த பார்த்து சத்தம் வந்ததும் அவரே தானா குறைச்சுட்டார்.

வாட்ஸ் பத்தியும் ஒரு வார்த்தை. 50 வாட்ஸ்லேந்து 100 வாட்ஸ் போனா கிடைக்கிறது வெறும் 3 டெசிபல், காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமா தெரியணும்னா ஏறக்குறைய 10 டெசிபல் வேணும், அதாவது பத்து மடங்கு பவர். 15 வாட்ஸ் ட்யூப் ஆம்ப் ஒரு ட்ரம்ஸ் கூட பப்ல வாசிக்க தாராளமா போதும், 100 வாட்ஸ் ஹெட்டும் பெரிய கேபினெட்டும் முதுகு வலிக்குத்தான் ஆகும்.

ரெண்டாவது கிட்டார்காரர் ஆம்ப்ப விட்டுட்டு ஆம்ப் டோன டிஜிட்டலா உண்டாக்கற மாடலர் பெடல்போர்டுக்கு மாறி நேரா மிக்ஸர்ல குத்திடறார். ஸ்டேஜ் அமைதியாயிடுச்சு, தூக்குற எடையும் குறைஞ்சுது. ஆனா வீட்டுல ஹெட்ஃபோன்ல உருவாக்கின பாட்ச் (சேமிச்சு வச்ச டோன் செட்டிங்) பேண்டோட சேர்ந்ததும் காணாமப் போயிடும், பேஸ் ஜாஸ்தி, கெயின் ஜாஸ்தி, நடுவுல இருக்கிற மிட்ஸ் இல்ல. தனியா கேட்டா கொஞ்சம் மூக்கால பேசற மாதிரி இருக்கிற டோன்தான் பேண்டுக்குள்ள தெளிவா கேக்கும், அதனால ஷோவுக்குன்னு தனி பாட்ச் ரிகர்சல்லயே பண்ணி வச்சுக்கணும். அப்புறம் அவரோட சத்தம் முழுக்க மானிட்டர (வாசிக்கிறவங்களுக்கே கேக்க வைக்கிற ஸ்பீக்கர்) நம்பி இருக்கு, மானிட்டர் சரியில்லாத ராத்திரில அவர் படற பாட்ட பார்த்தா ஆம்ப்பே தேவலன்னு தோணும்.

மைக் விஷயத்துல குழப்பமே வேணாம். ஷூர் எஸ்எம்58, 1966லேந்து வருது, எங்ககிட்ட இருக்கிறது கீழ விழுந்து க்ரில் நசுங்கி அத கழட்டி புதுசு மாட்டி இன்னும் ஓடிட்டு இருக்கு. அது கார்டியாய்ட் பேட்டர்ன், அதாவது முன்பக்க சத்தத்தத்தான் அதிகமா எடுக்கும், நேர் பின்பக்கம்தான் ரொம்ப கம்மியா எடுக்கும், அதனால மானிட்டர் ஸ்பீக்கர பாடகருக்கு நேர் எதிர்ல மைக்கோட வால் பக்கம் வைக்கணும். சூப்பர் கார்டியாய்ட் மைக் வாங்கினீங்கன்னா அதே இடம் தப்பு, அது நேர் பின்னாடி கொஞ்சம் எடுக்கும், முன்பக்கத்துலேந்து ரெண்டு பக்கமும் ஏறக்குறைய 125 டிகிரிலதான் காது மூடியிருக்கும், மானிட்டர அங்க நகர்த்தணும். மைக்க மாத்திட்டு மானிட்டர நகர்த்தாம விட்டுட்டு, புது மைக்ல ஃபீட்பேக் ஜாஸ்தின்னு சொல்றவங்கள நிறைய பார்த்திருக்கேன். க்ரில்ல கையால பொத்தி பிடிச்சு பாடறது ஸ்டைலா இருக்கலாம், ஆனா பொத்தினதும் பேட்டர்னே மாறிடும், கூ-ன்னு கத்த ஆரம்பிச்சுடும். ஆளுக்கு ஒரு மைக் சொந்தமா வச்சுக்கிறது நல்லது, க்ரில்லுக்குள்ள இருக்கிற ஸ்பாஞ்ச கழட்டி சோப்பு தண்ணில அலசி நல்லா காயவச்சு மாட்டினா அந்த நாத்தம் போயிடும்.

பிஏ எங்களுக்கு ரெண்டு 12 இன்ச் ஆக்டிவ் ஸ்பீக்கர் (உள்ளயே ஆம்ப் இருக்கிறது), ஸ்டாண்ட் மேல. ட்ரெபிள் வர்ற ட்வீட்டர் ஆடியன்ஸ் தலைக்கு மேல இருக்கணும், இல்லன்னா முதல் வரிசைல நிக்கிறவங்களே ட்ரெபிள் எல்லாத்தையும் உறிஞ்சிடுவாங்க. ஸ்பீக்கர் எப்பவுமே மைக்குகளுக்கு முன்னாடி இருக்கணும், பின்னாடி வச்சு நாங்களும் அதுலயே கேட்டுக்கிறோம்னா ஃபீட்பேக்தான். சப்வூஃபர் வாங்கி வச்சிருக்கோம், பெரும்பாலும் எடுத்துட்டே போறது இல்ல, சின்ன ரூம்ல கிக் ட்ரம்மும் பேஸ் ஆம்ப்பும் ஏற்கனவே தேவைக்கு மேல பண்ணுது. வோக்கல் சேனல் எல்லாத்துலயும் 100 ஹெர்ட்ஸுக்கு கீழ ஹை பாஸ் ஃபில்டர் போட்டு வெட்டிடுவோம், பேஸும் கிக்கும் மைக் வழியா புகுந்து குழப்பறது நிக்கும், ஸ்டாண்ட்ல கால் தட்டற சத்தமும் போகாது. காலி ரூம்ல செட் பண்ணது ஆள் வந்ததும் மாறும், அதனால முதல் பாட்டு எல்லாரும் சேர்ந்து வாசிக்கிற, ரிஸ்க் இல்லாத பாட்டா இருக்கணும், அந்த நாலு நிமிஷம்தான் நிஜமான சவுண்ட்செக்.

டேப்லெட்ல கண்ட்ரோல் பண்ற டிஜிட்டல் மிக்ஸர் வாங்கினது நல்ல முடிவு. போன தடவை இதே பப்ல வச்ச செட்டிங்க அப்படியே திருப்பி எடுக்கலாம், ஆடியன்ஸ் பக்கம் நடந்து போய் கேட்டுக்கிட்டே மாத்தலாம், அவங்கவங்க மானிட்டர அவங்கவங்க ஃபோன்லேந்தே வச்சுக்கலாம். ஒரே தலைவலி வைஃபை. சாயங்காலம் காலி ரூம்ல சூப்பரா இருக்கும், ராத்திரி ரூம் ஃபுல்லானதும் எல்லார் பாக்கெட்லயும் ஃபோன் இருக்கறதால மிக்ஸருக்குள்ளயே வர்ற வைஃபை திணறும். தனியா ஒரு ரௌட்டர் வாங்கி 5 கிகாஹெர்ட்ஸ்ல போட்டு ஸ்பீக்கர் ஸ்டாண்ட் உயரத்துல கட்டி வச்சோம், பிரச்சனை பெரும்பாலும் தீர்ந்துது. கனெக்ஷன் போனாலும் சத்தம் கடைசியா வச்ச செட்டிங்கலயே ஓடிட்டே இருக்கும், அதனால பயப்பட வேணாம். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஓடற வயர்லெஸ் கிட்டாருக்கும் இதே கதிதான், பப்புக்கு கேபிளே மேல். கிட்டார் கேபிள் ஆறு மீட்டருக்கு மேல வேணாம், நீளம் கூடக்கூட ட்ரெபிள் மங்கும்.

மானிட்டருக்கு நானும் ட்ரம்மரும் வயர்டு இன் இயர்க்கு (காதுக்குள்ள மாட்டற மானிட்டர்) மாறிட்டோம், இடுப்புல மாட்டற சின்ன ஹெட்ஃபோன் ஆம்ப், அவ்வளவுதான். பிட்ச் பிடிக்கிறது எனக்கு ரொம்ப ஈஸியாயிடுச்சு. குறை என்னன்னா ஆடியன்ஸ் இருக்காங்களா இல்லையான்னே தெரியாத தனிமை, அதுக்கு ஸ்டேஜ் ஓரத்துல ஒரு மைக் வச்சு அத நம்ம இன் இயர்ல மட்டும் கொஞ்சமா கலந்துக்கலாம். ஒரு காத கழட்டி விட்டுட்டு வாசிக்கிறது நிறைய பேர் பழக்கம், தயவுசெஞ்சு பண்ணாதீங்க, ஒரு காதுல மட்டும் கேக்கும்போது அந்த காதுல வால்யூம ஏத்திக்கிட்டே போவீங்க. ப்ளூடூத் இயர்பட்ஸ் போதாதான்னு கேக்கறாங்க, போதாது. அதுல 100லேந்து 200 மில்லிசெகண்ட் வரைக்கும் லேட் ஆகும், சத்தம் காத்துல ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட், அப்ப 200 மில்லிசெகண்ட்னா ட்ரம்மர் அறுபது மீட்டருக்கு மேல தள்ளி உட்கார்ந்து அடிக்கிற மாதிரி.

காது பத்தி கொஞ்சம் சீரியஸா சொல்லணும். அமெரிக்காவோட வேலையிட பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் நியோஷ் சொல்ற அளவு 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94க்கு ஒரு மணி நேரம், 100க்கு வெறும் 15 நிமிஷம். நாம 45 நிமிஷ செட் ரெண்டு வாசிக்கிறோம், சிம்பல் பக்கத்துல நின்னு. ஷோ முடிஞ்சு காதுல ங்ஙீ-ன்னு கேக்கறது சகஜம்னு விட்டுடாதீங்க, போன கேக்கற சக்தி திரும்பி வராது. மஞ்சள் ஸ்பாஞ்ச் பிளக் ட்ரெபிளத்தான் அதிகமா வெட்டும், போர்வைக்குள்ள உட்கார்ந்த மாதிரி இருக்கும், மியூசிஷியன் இயர்பிளக்னு 15லேந்து 20 டெசிபல் வரைக்கும் சீரா குறைக்கிறது தனியா வருது, அது வாங்குங்க. பாடறவங்களுக்கு சொந்த குரல் மண்டைக்குள்ள இடிக்கிற மாதிரி இருக்கும், ரிகர்சல்லயே போட்டு பழகினா சில வாரத்துல சரியாகும்.

கரண்ட்டும் அதே அளவு சீரியஸ். கிட்டார் கம்பில கை, மைக் க்ரில்ல உதடு, ரெண்டும் வேற வேற எர்த்தா இருந்தா ஷாக் அடிக்கும், எர்த்தே இல்லாத பாயிண்ட்டா இருந்தா உயிருக்கே ஆபத்து. அதனால போனதும் முதல் வேலை சாக்கெட் டெஸ்டர குத்தி பார்க்கறது, சின்ன பொருள், பாக்கெட்ல போட்டுக்கலாம். மிக்ஸர், ஆம்ப், பெடல் எல்லாத்தையும் ஒரே பாயிண்ட்லேந்து எடுப்போம், லைட்டும் ஃப்ரிட்ஜும் இருக்கிற லைன் வேணாம். ஸ்பீக்கர்ல ம்ம்-ன்னு ஹம் இரைச்சல் வருதுன்னு சிலர் பிளக்கோட எர்த் பின்ன டேப் ஒட்டி மறைக்கிறாங்க, அத மட்டும் எந்த காரணத்துக்கும் பண்ணவே கூடாது. அதுக்குத்தான் டிஐ பாக்ஸ்ல (கிட்டார், பேஸ மிக்ஸர்ல சேர்க்கிற சின்ன பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கு, அது ஆடியோ கேபிளோட கிரவுண்டத்தான் பிரிக்கும், பாதுகாப்புக்கான எர்த் அப்படியே இருக்கும். சிங்கிள் காயில் பிக்கப் கிட்டார்னா நியான் போர்டு, லைட் டிம்மர் பக்கத்துல நின்னா இரையும், கொஞ்சம் திரும்பி நின்னா குறையுற கோணம் ஒண்ணு கிடைக்கும்.

மத்த சின்ன விஷயமெல்லாம் வேகமா சொல்லிடறேன். க்ளிப் ட்யூனர விட பெடல் ட்யூனர், சத்தம் வெளிய போகாம ட்யூன் பண்ணலாம். ட்யூனிங் மாறுற பாட்டெல்லாம் செட்லிஸ்ட்ல ஒரே இடத்துல சேர்த்து வைங்க. ஸ்டேஜ்ல எல்லாருக்குமே டெம்போ ஏறும், ட்ரம்மர் ஒவ்வொரு பாட்டுக்கும் சத்தமில்லாம லைட் மட்டும் மின்னுற மெட்ரோனோம பார்த்து கவுண்ட் கொடுக்கறது எங்களுக்கு நல்லா செட் ஆச்சு. தரைல ஒட்ட காஃபர் டேப்பே (பிசின் விடாம உரிஞ்சு வர்ற துணி டேப்) வாங்குங்க, டக்ட் டேப் கேபிள்ல பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு போகவே போகாது. கேபிள முழங்கைல சுத்தாம ஒரு சுத்து நேரா ஒரு சுத்து உள்பக்கமா மாத்தி மாத்தி சுத்தினா முறுக்கே விழாது, அப்படி சுத்த ஆரம்பிச்சப்புறம் எங்க கேபிள் உள்ளுக்குள்ள அறுந்து போறது ரொம்ப குறைஞ்சுது. ஆளுக்கு ஒரு கலர் டேப் கேபிள் ரெண்டு முனைலயும் ஒட்டிட்டா ராத்திரி கழட்டும்போது யாரோடதுன்னு தேட வேணாம், பப்காரங்க கடைய மூட காத்துட்டு இருப்பாங்க, சீக்கிரம் இடத்த காலி பண்ணி கொடுத்தா அடுத்த தேதி கேக்கும்போது முகம் கொடுத்து பேசுவாங்க.