ஓய்வை அளப்பது கடிகாரமா, நாடியா?

400 மீட்டரைப் பத்து முறை ஓடும் இன்டர்வல் பயிற்சியில் வேகத்தைப் பற்றி ஓட்டக்காரர்களிடையே பெரிய வழக்கு எதுவும் இல்லை. ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடையே எவ்வளவு ஓய்வு என்பதில்தான் இரண்டு கட்சிகள். 90 நொடி, இரண்டு நிமிடம் என்று முன்பே வகுத்துக்கொண்டு கடிகாரப்படி கிளம்புவது ஒன்று. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120-க்குத் தணிந்த பிறகே கிளம்புவது மற்றொன்று. 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்காக இரண்டையும் ஓராண்டு வீதம் பின்பற்றிவிட்டு, இப்போது நாடியின் பக்கம் நிற்கிறேன்.

கடிகாரம் எளிது; குழுவாக ஓடுவோருக்கு அதுவே தோது. ரோஜர் பானிஸ்டர் 1954 மே 6 அன்று ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடுவதற்கு முந்தைய மாதங்களில், இரண்டு நிமிட இடைவெளி விட்டு 440 கஜத்தைப் பத்து முறை ஓடிப் பழகினார். இடைவெளி மாறாமல் இருந்ததால், சுற்றின் நேரம் 59 நொடிக்கு இறங்கியதை முன்னேற்றம் என்று ஐயமின்றிச் சொல்ல முடிந்தது.

நாடி முறை 1930-களில் ஜெர்மனியில் உருவானது. பயிற்சியாளர் வோல்டமார் கெர்ஷ்லரும் மருத்துவர் ஹெர்பர்ட் ரைண்டலும், துடிப்பை ஏறத்தாழ 180 வரை ஏற்றும் ஓட்டத்துக்குப் பின் அது 90 நொடிக்குள் 120-க்கு இறங்கியாக வேண்டும் என்றும், இறங்காவிட்டால் ஓடிய வேகமோ தூரமோ அந்த உடலுக்கு மிகை என்றும் வகுத்தனர். கெர்ஷ்லரின் மாணவர் ருடால்ஃப் ஹார்பிக் 1939-இல் மிலானில் 800 மீட்டரை 1:46.6-இல் ஓடிப் படைத்த உலக சாதனை 1955 வரை நின்றது.

என்னை இந்தப் பக்கம் இழுத்தது சாதனை அன்று, பயிற்சியை எப்போது நிறுத்துவது என்ற கேள்விக்கு இந்த முறையில் விடை இருப்பதுதான். கடிகாரம் 'கிளம்பு' என்று மட்டுமே சொல்லும். ஒரு மே மாதக் காலையில் அதன் பேச்சைக் கேட்டுப் பத்துச் சுற்றையும் முடித்தேன். கடைசி மூன்றும் ஆறேழு நொடி தாமதம், அதோடு கெண்டைக்காலில் பிடிப்பு, இரண்டு வாரம் ஓட்டமே இல்லை. இப்போது சுற்று முடிந்ததும் தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்துப் பத்து நொடி எண்ணுகிறேன். இருபது வந்தால் அடுத்த சுற்று. 90 நொடி கடந்தும் இருபத்து மூன்றிலேயே நின்றால், அது ஆறாவது சுற்றே ஆனாலும் அன்றைய பயிற்சி அத்துடன் முடிந்தது. புழுக்கமான நாளில் துடிப்பு இறங்கத் தாமதமாவதால் சுற்றுகள் தாமாகவே குறைகின்றன. (மணிக்கட்டு வாட்ச் காட்டும் எண் சற்றுப் பின்தங்கியே வருவதால் விரலையே நம்புகிறேன்.)

120 என்பது இளம் வீரர்களை வைத்து வகுத்த எண். வயது ஏற ஏற உச்சத் துடிப்பு குறைவதால், நாற்பதைத் தாண்டிய எனக்கு 120 சற்றுச் சலுகையாகவே இருக்கக்கூடும். 110 வரை காத்திருந்து பார்த்தது சில வாரங்களே என்பதால் தீர்ப்புச் சொல்லத் தயங்குகிறேன். 60 மீட்டர் போன்ற முழுவேகக் குறு ஓட்டங்களுக்கு இம்முறையை நான் பயன்படுத்தியதில்லை, பரிந்துரைக்கவும் மாட்டேன். தசைக்கு உடனடி ஆற்றல் தரும் சேர்மமான பாஸ்போகிரியாட்டின், செலவான பின் பெருமளவு மீள மூன்று முதல் ஐந்து நிமிடம் பிடிக்கும், நாடியோ அதற்கு முன்பே தணிந்து ஏமாற்றிவிடலாம். அங்கே கடிகாரம்தான் சரி. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு ஓடும்போதும் கடிகாரப்படியே கிளம்புகிறேன், விரல் மட்டும் பழக்கத்தில் கழுத்துக்குப் போய்விடுகிறது.