ஹைங்கெல் டூரிஸ்ட் 103 ஏ2: பதிமூன்று வருடம் ஓட்டிய பிறகு

போன மாதம் என் ஹைங்கெல் டூரிஸ்ட் ஸ்கூட்டரில் நான் ஓட்டிய கணக்கு 28,000 கிலோமீட்டரைத் தாண்டியது. 1961இல் செய்த வண்டி. 2012இல் என் கைக்கு வந்தது. வாங்கிய புதிதிலேயே எழுதச் சொல்லி நண்பர்கள் கேட்டார்கள். எழுதவில்லை. பழைய வண்டியைப் பற்றி முதல் வருடத்தில் சொல்வதில் பாதி ஆசையும் பாதி பயமும்தான் இருக்கும். இப்போது என்ஜினைத் திறந்து மூடியாயிற்று, நடுவழியில் மழையில் நின்றாயிற்று, மலைகளும் ஏறியாயிற்று. சரி, இனி எழுதலாம்.

நான் இருப்பது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டுக்குக் கிழக்கே, ரெம்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள ஷோர்ன்டோர்ஃப். வேலைக்காக வந்து அப்படியே தங்கிவிட்ட ஊர். இதே பள்ளத்தாக்கில், ஆற்றோடு கொஞ்சம் கீழே போனால் வரும் குரூன்பாக்கில்தான் எர்ன்ஸ்ட் ஹைங்கெல் 1888இல் பிறந்தார். விமானம் கட்டியவர். 1939 ஆகஸ்ட் 27 அன்று பறந்த உலகின் முதல் ஜெட் விமானம் அவருடைய நிறுவனம் செய்தது. போர்க்காலத்தில் பெர்லினுக்கு அருகே ஓரானியன்பர்க்கில் இருந்த அந்த நிறுவனத்தின் ஆலையில் சாக்சன்ஹவுசன் வதைமுகாம் கைதிகளைக் கட்டாய வேலை வாங்கினார்கள். வண்டியை நேசிக்கிறவன் இதைச் சொல்லாமல் தாண்டிப் போகக் கூடாது. அந்தப் பெயரைத்தான் நான் தினமும் துணி போட்டுத் துடைக்கிறேன்.

போர் முடிந்ததும் ஜெர்மனியில் விமானம் கட்டத் தடை வந்தது. என்ஜின் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள், பறக்க விட ஒன்றும் இல்லை. முதலில் மற்ற கம்பெனிகளுக்கு என்ஜின் செய்து கொடுத்தார்கள். 1953இல் ஸ்டுட்கார்ட்டின் சுஃபன்ஹவுசன் பகுதியில் சொந்த ஸ்கூட்டர் தொடங்கி, 1965 வரை ஒரு லட்சத்துக்கும் மேலாகச் செய்தார்கள். முதலில் வந்த 101 ஏ0 மாடலில் 149 சிசி என்ஜினும் கிக்கரும் இருந்தன. அடுத்த வருடமே 174 சிசியும் பட்டன் ஸ்டார்ட்டும் வந்தன. 1955இல் வந்த 103 வரிசையில் நாலு கியரும் 10 இன்ச் சக்கரமும் சேர்ந்தன. 1960இல் தொடங்கிய 103 ஏ2தான் கடைசி மாடல். என்னுடையது அது.

இந்த வண்டியின் குணம் அதன் என்ஜினில் இருக்கிறது. அந்தக் காலத்து ஸ்கூட்டர் என்றால் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக். வெஸ்பா, லாம்ப்ரெட்டா, நூரம்பெர்க்கில் செய்த சுன்டாப் பெல்லா, நெக்கார்சுல்மில் செய்த என்எஸ்யூ பிரிமா எல்லாமே அப்படித்தான். செய்வதற்கு எளிது, விலையும் குறைவு. ஹைங்கெல்காரர்கள் மட்டும் வால்வும் அதைத் திறக்கும் புஷ் ராடும் வைத்த ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினைப் போட்டார்கள். சிலிண்டரின் உள்விட்டம் 60 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 61.5 மில்லிமீட்டர். 9.2 குதிரைசக்தி, மணிக்கு 92 கிலோமீட்டர் வேகம். இதே என்ஜின்தான் 1956இல் அவர்கள் கொண்டுவந்த முட்டை வடிவக் குட்டிக் காரையும் இழுத்தது. காரை இழுக்கும் என்ஜினை ஸ்கூட்டரில் வைத்தால் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், என் வண்டியில் ஒரு சுற்று போய் வரச் சொல்வேன்.

எங்கள் வீட்டில் அப்பாவிடம் பஜாஜ் சேத்தக் இருந்தது. பெட்ரோலில் ஆயில் கலப்பது, காலையில் ஒரு பக்கம் சாய்த்து நிமிர்த்திவிட்டுக் கிக் அடிப்பது, வெள்ளைப் புகை, என்ஜின் வலப்பக்கம் தொங்குவதால் வண்டி அந்தப் பக்கமே இழுப்பது என எல்லாம் நமக்குப் பழகியவை. கைக் கியரும் அதில்தான் பழகினேன். ஹைங்கெல்லிலும் கியர் இடது கைப்பிடியைத் திருகித்தான், அதனால் முதல் நாளே கை தானாகக் கியரைக் கண்டுபிடித்துவிட்டது. ஆனால் ஒற்றுமை அதோடு சரி. இதில் என்ஜின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. கையை லேசாக விட்டாலும் நேராகப் போகும். புகை கிடையாது. இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். டூ ஸ்ட்ரோக்கில் அந்தப் பிடிப்பு குறைவு. மலைச்சாலையில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைப் பிரேக் ஷூ சூடேறி வாசனை அடித்த அனுபவம் உள்ளவர்கள் புரிந்துகொள்வார்கள்.

இதைவிட நான் வியப்பது இன்னொன்று. என்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போவது செயின்தான். ஆனால் அந்தச் செயினை யாரும் பார்க்க முடியாது. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையே ஒரு மூடிய பெட்டியாக வார்த்து, உள்ளே ஆயில் ஊற்றி, செயினை அதற்குள் ஓட விட்டிருக்கிறார்கள். தூசி இல்லை, மழை இல்லை, கிரீஸ் பூசும் வேலை இல்லை. கால்சட்டையில் ஒரு சொட்டுக் கறை படாது. சாதாரண மோட்டார் சைக்கிளில் செயினைக் கவனிக்காமல் விட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரில் தொங்கிவிடும். எனக்கு இந்த வண்டியை விற்ற பெரியவர் ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுத்தார். ஊற்றிய ஒவ்வொரு லிட்டரும், மாற்றிய ஒவ்வொரு கேபிளும் அவர் கையெழுத்தில் இருந்தன. அதில் செயின் மாற்றியதாக இருந்தது ஒரே ஒரு வரிதான், 41,000 கிலோமீட்டரில். அதற்குப் பிறகு அவர் ஓட்டியதும் நான் ஓட்டியதும் அதே செயினில். ஸ்விங் ஆர்மின் ஆயில் சீல் கசிந்தபோது ஒரு முறை திறந்தேன். செயின் பளபளவென்று, நேற்றுப் போட்டது மாதிரி இருந்தது.

ஸ்டார்ட் செய்வதும் தனி அனுபவம். ஸ்டார்ட்டர் மோட்டாரும் டைனமோவும் தனித்தனியாக இல்லை. கிராங்க் ஷாஃப்ட் நுனியில் உட்கார்ந்திருக்கும் ஒரே பாகம் இரண்டு வேலையும் பார்க்கிறது. பல்சக்கரம் போய்ப் பல்சக்கரத்தில் இடிக்கும் கிர்ர் சத்தம் இல்லை. பட்டனை அழுத்தினால் என்ஜின் சத்தமில்லாமல் சுழன்று, மெல்ல உயிர் பெறும். பக்கத்து வீட்டு அம்மா, "நீங்கள் கிளம்பியதே தெரியவில்லை" என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறார். 12 வோல்ட் ஏற்பாடு, அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. கிக்கர் கிடையாது. பேட்டரி படுத்தால் தள்ளித்தான் ஆக வேண்டும், இந்த வண்டியோ 150 கிலோவுக்கு மேல். மூன்றாவது வருடம், சுவாபியன் ஆல்ப் மலைப் பக்கம் ஒரு கிராமத்தில், நல்ல மழையில் அப்படி நின்றேன். டைனமோவில் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்து சார்ஜ் ஏறாமல் போயிருந்தது. சார்ஜ் காட்டும் சிவப்பு விளக்கு ஒரு வாரமாகவே மினுக்கிக்கொண்டிருந்ததை நான் அலட்சியம் செய்தேன். அன்று சரிவில் உருட்டி, இரண்டாம் கியரில் கிளட்ச்சை விட்டு ஒருவழியாகக் கிளப்பினேன். முழுக்க உயிர் போன பேட்டரி என்றால் அதுவும் நடக்காது, ஸ்பார்க்குக்கே கரண்ட் இருக்காது. அன்று முதல் வருடம் ஒரு முறை பிரஷ்ஷைக் கழற்றி நீளம் பார்க்கிறேன்.

குளிர்விக்க ஒரு விசிறி, தகரக் கூட்டுக்குள் காற்றைச் செலுத்திச் சிலிண்டரின் மேல் வீசுகிறது. விசிறி என்ஜின் வேகத்தோடு சுற்றுவதால், வண்டி ஊர்ந்தாலும் காற்று குறையாது. கைஸ்லிங்கன் ஏற்றத்தில் கோடை மதியம், பின்னால் மனைவியும் பெட்டியும், முன்னால் நகராத லாரி வரிசை. முழு ஏற்றமும் இரண்டாம் கியரிலேயே ஏறினேன், என்ஜின் ஒரு முறைகூடத் திணறவில்லை. ஆனால் அந்தத் தகரக் கூட்டைத் திறந்து பார்க்கிற பழக்கம் வேண்டும். ஒரு குளிர்காலம் முடிந்து எடுத்தபோது சூடான வைக்கோல் வாசனை வந்தது. திறந்தால் உள்ளே ஒரு முழு எலிக்கூடு. கவனிக்காமல் நெடுஞ்சாலை ஏறியிருந்தால் பிஸ்டன் பிடித்திருக்கும்.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். இரும்புக் குழாய்ச் சட்டம், அதன் மேல் தகட்டு உடம்பு. முன் மட்கார்டு ஹேண்டிலோடு திரும்பாது. முன்பக்கத் தகட்டோடு ஒரே உடம்பாக இருக்கும், சக்கரம் அதற்கு அடியில் திரும்பும். மழையில் முழங்காலுக்குக் கீழே நனைவது மிகக் குறைவு. வேகம் 70-75 என்று வைத்துக்கொண்டால் நாள் முழுக்கப் போகலாம். பாடன்-பாடனிலிருந்து ஃப்ராய்டன்ஷ்டாட் வரை கருங்காட்டு (பிளாக் ஃபாரஸ்ட்) மலை முகட்டில் போகும் சாலைதான் இதற்கென்றே போட்டது மாதிரி இருக்கிறது. நீண்ட வளைவு, மிதமான ஏற்றம், இரண்டு பக்கமும் ஊசியிலைக் காடு. ஆட்டோபான் என்ற அதிவேக நெடுஞ்சாலையிலும் போக அனுமதி உண்டு, நான் போவதில்லை. லாரிகளே 80இல் போகும்போது அவற்றுக்கு நடுவில் மாட்டிக்கொள்வது நல்லதல்ல. பெட்ரோல் நூறு கிலோமீட்டருக்கு மூன்று லிட்டர் அளவில் குடிக்கிறது, அதாவது லிட்டருக்கு 33.

பிடிக்காதவையும் உண்டு. நின்ற இடத்தில் வண்டியை நகர்த்துவது இடுப்புக்கு வேலை. என் மனைவிக்கு ஓட்டப் பிடிக்கும், ஆனால் ஸ்டாண்ட் போட வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவாள். சந்துபொந்துகளில் வெஸ்பா மாதிரி சட்டென்று திரும்பாது. டிரம் பிரேக்கை நம்பி இன்றைய கார்களுக்குப் பின்னால் ஒட்டிப் போகக் கூடாது, இரண்டு மடங்கு இடைவெளி விடுகிறேன். இரவில் ஹெட்லைட் போதவே போதாது. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

உதிரிபாகம் கிடைக்குமா என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. கிடைக்கும், ஆச்சரியப்படும் அளவுக்குக் கிடைக்கும். ஹைங்கெல் சங்கம் தன் உறுப்பினர்களுக்காகவே பாகங்களைத் திரும்பச் செய்து வைத்திருக்கிறது. கேஸ்கெட், சீல், கேபிள், பிரேக் ஷூ எதற்கும் நான் அலைந்ததில்லை. தெரிந்த கை கிடைப்பதுதான் கஷ்டம். தொடக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பிளக்கை அளவுக்கு மீறி முறுக்கி, அலுமினிய ஹெட்டின் மரையையே தின்றுவிட்டார்கள். எஃகுச் சுருள் வைத்து மரையை மீட்டேன். அதற்குப் பிறகு டாப்பெட் அட்ஜஸ்ட்மென்ட் (வால்வு இடைவெளி சரிசெய்வது), இக்னிஷன் பாயிண்ட், கார்புரேட்டர் எல்லாம் நானே பார்க்கிறேன். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் பொறுமையும் இருந்தால் ஒரு சனிக்கிழமை காலையில் முடிகிற வேலை. டாப்பெட் இடைவெளி சரியாக இருந்தால் இந்த என்ஜின் பாடும். தவறினால் தையல் மெஷின் மாதிரி தட்டும். காதால் கேட்டே கண்டுபிடித்துவிடலாம்.

சட்ட விவகாரம் சுருக்கமாக. 125 சிசிக்கு மேல் என்பதால் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தொழில்நுட்பச் சோதனை. 30 வயது கடந்த வண்டிகளுக்குத் தரும் "எச்" எழுத்துப் போட்ட பழமை நம்பர் பிளேட்டை எடுக்கலாம்தான், ஆனால் அதற்கு மோட்டார் சைக்கிள் வரி வருடத்துக்கு 46 யூரோ. சாதாரண பிளேட்டில் 25 சிசிக்கு 1.84 யூரோ என்ற கணக்கில் 174 சிசிக்கு 13 யூரோகூட வராது. பெருமைக்காக எடுப்பவர்கள் எடுக்கலாம், நான் எடுக்கவில்லை. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டும் செல்லும் பருவ பிளேட் போதும். குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு இந்தத் தகட்டை இரண்டே வருடத்தில் அரித்துவிடும்.

வாங்க நினைப்பவர்களுக்கு: பெயின்ட் பளபளப்பைப் பார்த்து விலை பேசாதீர்கள். ஃபுட்போர்டுக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்து, சட்டக் குழாயில் துரு இருக்கிறதா பாருங்கள். ஸ்விங் ஆர்மின் ஆயில் அளவைக் கேளுங்கள். விற்பவருக்கு அப்படி ஒரு ஆயில் இருப்பதே தெரியவில்லை என்றால் செயின் வறண்டே ஓடியிருக்கும். என்ஜினை ஆறிய நிலையில் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள், சூடாக்கி வைத்து உங்களை வரவேற்றால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது நாலு கியரும் கைப்பிடியில் குறித்த இடத்திலேயே விழுகிறதா என்று கவனியுங்கள். அப்புறம், வண்டியோடு ஒரு பழைய நோட்டுப் புத்தகமும் வந்தால் அதற்காகக் கொஞ்சம் கூடவே கொடுக்கலாம். என்னுடையதில் பெரியவரின் கடைசி வரிக்குக் கீழே நான் தொடர்ந்து எழுதி வருகிறேன். இந்த வாரம் எழுதியது: என் கணக்கில் 28,140 கி.மீ., ஆயில் மாற்றினேன், பிரஷ் சரி.