லெகோவா, மெக்கானிக்ஸா?

பாண்டி பஜார் பொம்மைக் கடைக்குள் நுழைந்தாலே இந்தக் கேள்வி வரும். எட்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு என் ஓட்டு மெக்கானிக்ஸுக்குத்தான். துளை போட்ட உலோகப் பட்டையில் போல்ட்டை நுழைத்து, குட்டி ஸ்பேனரால் நட்டை முறுக்க முறுக்க கை பழகும். இரண்டு பட்டைகளை ஒரே நட்டில் பிணைத்தால் சுழலும். இன்னொரு துளையிலும் நட்டு போட்டால் அசையாது. ஏன் என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். பெசன்ட் நகர் பக்கம் இருப்பவர்கள் மட்டும் மூடிய டப்பாவில் வையுங்கள், உப்புக் காற்றில் துருப்பிடிக்கும்.

ஒன்றோடொன்று பொருத்தும் பிளாஸ்டிக் கட்டைகளான லெகோ விலை கூடுதல். ஆனால் 1958-இல் வந்த கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்தும். தம்பி, தங்கைக்கும் கைமாறும்.

மூன்று வயதுக்குள் என்றால் இரண்டும் வேண்டாம், வாயில் போட்டுக்கொள்வார்கள். லெகோவின் பெரிய கட்டைகளான டூப்ளோ போதும். எதை வாங்கினாலும் ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள். 2021 முதல் அது கட்டாயம்.