ஹெச்610-ஆ, ஏ620-ஆ? சாக்கெட்டைப் பார்த்து முடிவெடுங்கள்

தம்பி சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுக்கிறான். அவனுடைய பழைய மெஷினில் மதர்போர்டு போனபோது ப்ராஸசர் நன்றாகத்தான் இருந்தது, இன்டெல் நாலாம் தலைமுறை ஐ5. போர்டில் அந்த ப்ராஸசர் உட்காரும் இடம், அதாவது சாக்கெட், 1150 என்ற வகை. அதற்குப் புது போர்டு தேடி அலைந்ததுதான் மிச்சம். செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கிப் போட்டோம். மூன்றே மாதத்தில் அதுவும் டெட். நல்ல சிப்பும் ராமும் இன்னும் டப்பாவில் கிடக்கின்றன.

அதனால் இந்த முறை போர்டைத்தான் முதலில் பார்த்தோம். எங்கள் பட்ஜெட்டுக்குள் இரண்டு நின்றன: இன்டெல் பக்கம் ஹெச்610, ஏஎம்டி பக்கம் ஏ620. வாங்கியது ஏ620.

ஹெச்610 மோசமில்லை. விலை குறைவு, ஏறி இறங்கிய எல்லாக் கடையிலும் ஸ்டாக் இருந்தது. பில்லிங், பிள்ளைகள் படிப்பு என்றால் ஒரு ஐ3-12100 ப்ராஸசர் போட்டு நிம்மதியாக ஓட்டலாம்.

எங்களைத் திருப்பியது சாக்கெட்தான். ஹெச்610-இல் இருக்கும் 1700 சாக்கெட் 2021இல் வந்தது. 12, 13, 14 என்று மூன்று தலைமுறை ஆனதும், 2024இல் இன்டெல் டெஸ்க்டாப்பில் 1851 சாக்கெட்டுக்குப் போய்விட்டது. ஏஎம்டியின் ஏஎம்5 2022இல் வந்தது. 7000, 8000, 9000 வரிசை ரைசன் எல்லாம் அதிலேயே உட்காருகின்றன, 2027க்கும் அப்பால் அந்தச் சாக்கெட்டைத் தொடர்வோம் என்று கம்பெனியே சொல்லியிருக்கிறது. வெறும் வாக்குறுதி என்று தள்ளவும் முடியவில்லை. இதற்கு முந்தைய ஏஎம்4-இல், 2018இல் வந்த பி450 போர்டு 2022இல் வந்த 5800எக்ஸ்3டி சிப்பைப் பயாஸ் (போர்டுக்குள்ளேயே இருக்கும் சாஃப்ட்வேர்) அப்டேட்டோடு ஏற்றுக்கொண்டது. நாலு வருஷம் கழித்து சிப்பை மட்டும் மாற்றலாம். போர்டு போனாலும் சிப்பைக் காப்பாற்ற இன்னொரு போர்டு கிடைக்கும். பட்ஜெட்காரனுக்கு இதைவிடப் பெரிய மிச்சம் எதுவும் இல்லை.

ஏ620-இல் கவனிக்க வேண்டியதும் உண்டு. ப்ராஸசருக்குக் கரன்ட் கொடுக்கும் விஆர்எம் பகுதி மேல், சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்க் இல்லாமலேயே சில மாடல்கள் வருகின்றன. சித்திரை வெயிலில் மாடி ரூமில் ஓட வேண்டிய மெஷின் இது. ஹீட்சிங்க் இருப்பதைத்தான் கேட்டு வாங்கினேன். நாங்கள் போட்டது 65 வாட் ரைசன் 5 7600. அதற்கு மேல் வாட் இழுக்கும் சிப்பை இதில் நான் ஓட்டிப் பார்த்ததில்லை, அதற்கு ஏஎம்5-இலேயே ஒரு படி மேலான பி650 போர்டு பக்கம் போவதே நல்லது. ஏஎம்5-க்கு டிடிஆர்5 ராம் மட்டும்தான். 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றத்தில், கையில் நல்ல டிடிஆர்4 வைத்திருப்பவர் டிடிஆர்4 ஹெச்610 எடுத்தால் நான் தடுக்க மாட்டேன்.

எதை எடுத்தாலும் சாக்கெட்டைக் கடையிலேயே திறந்து பாருங்கள். இரண்டிலும் ப்ராஸசரைத் தொடும் மெல்லிய உலோகப் பின்கள் எல்லாம் போர்டில்தான் இருக்கின்றன. போன் டார்ச்சைச் சாய்த்து அடித்தால், நெல் நாற்று நட்ட மாதிரி வரிசையாக மின்னும். ஒன்று மட்டும் வேறு பக்கம் மின்னினால் அது வளைந்த பின். வளைந்த பின்னுக்கு வாரன்டி கேட்டு ஜெயிப்பது கஷ்டம். சாக்கெட்டை மூடி வரும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போடாதீர்கள். வாரன்டிக்கு போர்டைக் கொடுக்கும்போது அது இல்லாமல் வாங்க மாட்டேன் என்பார்கள். எங்களுடையது பில்லோடு சேர்த்து பீரோவில் இருக்கிறது.