‘சின்ன கிட்டார்னா சத்தம் இப்படித்தான்’: ஏமாந்தவனின் எச்சரிக்கை

எட்டு ஆண்டுகளாக நான் வாசித்து வந்தது ட்ரெட்நாட் எனப்படும் பெரிய உடல் கொண்ட கிட்டார். அதன் விளிம்பின் மேல் கையைத் தூக்கி வைத்தே வாசித்துப் பழகியதில் வலது தோளில் நிரந்தரமாக ஒரு வலி தங்கிவிட்டது. விரல்களால் மீட்டி வாசிப்பதே என் வழக்கம் என்பதால், சிறிய உடலும் முன்னதைவிட மேலான தரமும் கொண்ட ஒரு கிட்டார் வாங்குவதென்று முடிவு செய்து, அதற்காக ஓராண்டுக்கும் மேலாகப் பணம் சேர்த்தேன். அந்தப் பணத்தைக் கொடுத்து நான் வீட்டுக்குக் கொண்டு வந்தது, முழுக்க ஒட்டுப்பலகையால் செய்யப்பட்ட, கழுத்தின் கோணம் பிசகிய ஒரு கிட்டார். அது தெரிய வந்தபோது ஏழு மாதங்கள் கடந்திருந்தன. விற்றவரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் சொன்ன சொற்களை எழுதுகிறேன், ஏனென்றால் அதே சொற்களை வேறொருவர் உங்களிடமும் சொல்லக்கூடும்.

“ஸ்ப்ரூஸ் டாப், ரோஸ்வுட் பேக், ரோஸ்வுட் சைடு. உள்ளதிலேயே நல்ல மரம் சார்” என்றுதான் அவர் பேச்சைத் தொடங்கினார். ஸ்ப்ரூஸ் முன்பலகைக்கும், ஈட்டி மரம் என்று நாம் அழைக்கும் ரோஸ்வுட் பின்பலகைக்கும் உரிய மரங்கள் என்பது எனக்கு முன்பே தெரியும். ஆகவே தலையாட்டிக்கொண்டே கேட்டேன். அவர் பேச்சில் ‘சாலிட்’ என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. கிட்டார் விற்பனையில் அந்த ஒரு சொல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ‘சாலிட் ஸ்ப்ரூஸ் டாப்’ என்றால் ஒரே மரத்திலிருந்து அறுத்த பலகை. வெறும் ‘ஸ்ப்ரூஸ் டாப்’ என்று மட்டும் இருந்தால், பெரும்பாலும் அது ஏதோ மரத் தகடுகளை ஒட்டி, மேலே மட்டும் மெல்லிய ஸ்ப்ரூஸ் தகட்டைப் பதித்த ஒட்டுப்பலகையாகவே இருக்கும். பின்னாளில் நான் முறையிட்டபோது, “மேலே இருப்பது ஸ்ப்ரூஸ்தானே, நான் எங்கே பொய் சொன்னேன்?” என்று அவர் கேட்டார். சொல்லளவில் அது உண்மைதான். அதனால்தான் எனக்கு ஆத்திரம் இரட்டிப்பானது.

வாங்கும் நாளில் என் காது என்னை எச்சரிக்காமல் இல்லை. வாசித்துப் பார்த்த முதல் சில நிமிடங்களிலேயே ஒலி மெலிந்து, தகரப் பெட்டிக்குள்ளிருந்து வருவது போல் தோன்றியது. “கொஞ்சம் ஒல்லியாக் கேக்குதே” என்றேன். “சின்ன கிட்டார்னா சத்தம் இப்படித்தான் இருக்கும் சார்” என்று சொல்லி, அதை நிரூபிக்கப் பக்கத்தில் இருந்த ஒரு ட்ரெட்நாட்டை எடுத்து ஓங்கி வாசித்துக் காட்டினார். அத்துடன் என் சந்தேகம் அடங்கிவிட்டது. ஒப்பிட வேண்டியது ஒரு சிறிய கிட்டாரை இன்னொரு சிறிய கிட்டாருடன் என்ற எளிய எண்ணம் எனக்கு அப்போது உதிக்கவில்லை.

உண்மையில் நல்ல சிறிய கிட்டாரின் ஒலி மெலிந்தது அன்று. அடித்தொனியின் அதிர்வு சற்றுக் குறையும், அவ்வளவுதான். அதற்கு ஈடாக ஆறு கம்பிகளும் ஒன்றையொன்று அமுக்காமல் சம எடையில் ஒலிக்கும். விரல் பட்ட கணத்திலேயே பலகை பதில் சொல்லும். கிட்டார் தயாரிக்கும் மார்ட்டின் நிறுவனத்தின் ஓஎம் எனப்படும் சிறிய உடல் வடிவம் 1929-இல் வந்தது. அந்நிறுவனம் ட்ரெட்நாட் வடிவத்தைத் தன் பெயரில் விற்கத் தொடங்கியது 1931-இல்தான். இன்று ‘சிறியது’ என்று நாம் ஒதுக்கும் அளவுகளில்தான் அதற்கு முன்பு வாசித்தவர்கள் அரங்குகளில் வாசித்தார்கள். அகலத்தை எடுத்துக்கொண்டாலும் ஓஎம் வடிவத்தின் அடிப்பகுதி ஏறத்தாழ 15 அங்குலம், ட்ரெட்நாட்டினுடையது அதைவிட அரை அங்குலத்துக்குச் சற்றே கூடுதல். இடுப்பின் ஒடுக்கமும் பெட்டியின் ஆழமும்தான் பெரிதும் வேறுபடுகின்றன. இவ்வளவு சிறிய வேறுபாட்டின் தலையில் ஒரு மட்டமான பலகையின் குற்றம் முழுவதையும் சுமத்த விட்டுவிட்டேன்.

ஐந்தாவது மாதத்திலிருந்து கம்பிகள் உயரத் தொடங்கின. 7ஆம் ஃப்ரெட்டுக்கு, அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த ஏழாவது உலோகக் கோட்டுக்கு மேலே, ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் பார் கார்டைப் பிடிக்கவே முடியவில்லை. பிடித்தாலும் சுருதி சற்று ஏறியே நின்றது. கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டான டிரஸ் ராடைத் திருகினால் சரியாகிவிடும் என்று விற்றவர் தொலைபேசியில் சொன்னார். அதையும் நம்பித் திருகினேன். கழுத்தின் வளைவை மட்டுமே அந்தத் தண்டால் சரிசெய்ய முடியும். கழுத்து உடலோடு சேரும் கோணத்தை அது ஒருபோதும் மாற்றாது. இறுதியில், அனுபவமுள்ள ஒரு கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன்.

அவர் முதலில் எடுத்தது ஓர் இரும்பு அளவுகோல். அதை ஃப்ரெட்டுகளின் மேல் நீளவாக்கில் வைத்து, அதன் முனை, முன்பலகையில் கம்பிகள் பொருந்தும் மரக்கட்டையான பிரிட்ஜை எங்கே தொடுகிறது என்று காட்டினார். பிரிட்ஜ் மரத்தின் மேல்விளிம்பைத் தொட்டோ அதற்குச் சற்று மேலாகவோ செல்ல வேண்டிய முனை, பிரிட்ஜின் முன்பக்கத்தில் பாதி உயரத்தில் போய் முட்டியது. 12ஆம் ஃப்ரெட்டில் தடித்த கம்பியின் உயரம் 3.5 மி.மீ. இருந்தது. அது 2.5 மி.மீ. அளவுக்கு வந்தால் நிம்மதியாக வாசிக்கலாம். அங்கே 1 மி.மீ. இறங்க வேண்டுமானால் பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டையான சேடிலில் அதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 2 மி.மீ. தேய்க்க வேண்டும், ஏனென்றால் 12ஆம் ஃப்ரெட் கம்பியின் நடுப்புள்ளி. ஆனால் என் கிட்டாரில் சேடில் பிரிட்ஜுக்கு மேலே தெரிந்ததே 1 மி.மீ.தான். பொதுவாக அது 3 மி.மீ. அளவில் இருக்கும். அதாவது என்னிடம் விற்பதற்கு முன்பே யாரோ சேடிலைத் தேய்த்துத் தேய்த்து, கோணப் பிசகை அன்றைக்கு மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் செய்திருக்கிறார்கள். சுமார் 70 கிலோ எடைக்கு நிகரான கம்பிகளின் இழுவிசை சில மாதங்களில் அந்த மறைப்பைக் கலைத்துவிட்டது. கழுத்தைக் கழற்றிக் கோணத்தைச் சரிசெய்து மீண்டும் பொருத்தலாம். ஒட்டிய கழுத்து என்பதால் அந்தக் கூலி கிட்டாரின் உண்மையான மதிப்பையே தாண்டும் என்றார்.

‘உண்மையான மதிப்பு’ என்று அவர் ஏன் சொன்னார் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கம்பிகளைத் தளர்த்திவிட்டு, பல் மருத்துவர்கள் வைத்திருப்பது போன்ற சிறு கைப்பிடிக் கண்ணாடியையும் ஒரு விளக்கையும் ஒலித்துளைக்குள் விட்டார். பின்பலகையின் வெளிப்புறத்தில் கருமையான ஒரு ரேகை வளைந்து ஓடுவது எனக்குப் பிடித்த அழகு. நண்பர்களிடமெல்லாம் அதைக் காட்டியிருக்கிறேன். அதே இடத்தில் உட்புறம் வெளிறிய, ரேகையே இல்லாத ஏதோ ஒரு மரம் தெரிந்தது. ஒரே பலகையாக இருந்தால் அந்த ரேகை உள்ளேயும் அதே இடத்தில் தெரிந்திருக்க வேண்டும். பிறகு ஒலித்துளையின் விளிம்பைப் பார்க்கச் சொன்னார். அதற்குக் கறுப்புச் சாயம் பூசியிருந்தது. சிறு கத்தியின் நுனியால் அவர் ஒரு கடுகளவு சுரண்டியதும் மூன்று அடுக்குகள் தெளிவாகத் தெரிந்தன. சாலிட் பலகையாக இருந்தால், மேலே தெரியும் இழைக் கோடுகள் அப்படியே விளிம்பில் மடங்கிக் கீழே இறங்கும். சாயம் பூசிய விளிம்பெல்லாம் மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் விளிம்பைப் பார்க்க முடியாதபடி இருக்கும் கிட்டாரில், மற்ற சோதனைகளைச் செய்யாமல் பணத்தை எடுக்காதீர்கள்.

ஒட்டுப்பலகைக் கிட்டாரை நான் இழிவாக நினைக்கவில்லை. ஈரப்பதம் ஏறி இறங்கும் இடங்களில் அது சாலிட் பலகையைவிட நன்றாகவே தாக்குப்பிடிக்கும். பயணத்துக்கும் தொடக்கப் பயிற்சிக்கும் ஏற்றது. விலையுயர்ந்த சில கிட்டார்களிலேயே பக்கப்பலகைகளை வேண்டுமென்றே அடுக்குகளாகச் செய்வதுண்டு. ஒட்டுப்பலகையைச் சாலிட் மரத்தின் விலைக்கு என்னிடம் விற்றதுதான் என் குறை. ரசீதை எடுத்துப் பார்த்தபோது அதில் ‘அக்கூஸ்டிக் கிட்டார் - 1’ என்று மட்டுமே இருந்தது. அதை வைத்துக்கொண்டு யாரிடம் போய் எதை வாதிடுவது?

ஒலியிலும் அன்றே நான் கண்டுபிடித்திருக்கக்கூடிய ஒன்று உண்டு. மெதுவாக மீட்டத் தொடங்கிப் படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டினால், நல்ல பலகை அதற்கேற்ப ஒலியைக் கூட்டிக்கொண்டே போகும். என்னுடையது ஓர் எல்லைக்கு மேல் கடகடத்ததே தவிர, ஒலி கூடவில்லை. கடையில் விற்பனையாளரே புதுக் கம்பிகள் போட்டு, கல் தளம் பதித்த அறையின் மூலையில் உட்கார்ந்து, கம்பியை மீட்டும் சிறு தகடான பிளெக்ட்ரமால் வாசித்தார். நான் எதிரே நின்று கேட்டேன். புதுக் கம்பியின் பளபளப்பும் அறையின் எதிரொலியும் சேர்ந்தால் எந்தப் பெட்டியும் சில நிமிடங்களுக்கு நன்றாகவே ஒலிக்கும். நான் விரலால் வாசிப்பவன் என்பதையாவது நினைவில் வைத்து, கிட்டாரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கலாம்.

‘ஓஎம்’ என்று சொல்லி விற்றதும் பொய்தான் என்பதை வீட்டில் நானே கண்டறிந்தேன். கழுத்தின் தலைமுனையில் கம்பிகளைத் தாங்கும் பட்டையான நட்டிலிருந்து 12ஆம் ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் கம்பியின் அடிப்படை நீளம் கிடைக்கும். ஓஎம் என்றால் அது 645 மி.மீ. அளவில் வரும், எனக்கு 632 வந்தது, அது 000 எனப்படும் இன்னொரு சிறிய வடிவத்தின் வழக்கமான நீளம். இந்தப் பெயர்களைத் தயாரிப்பாளர்கள் பலரும் கறாராகப் பின்பற்றுவதில்லை என்பதால் இதைப் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நட்டின் அகலம் 43 மி.மீ. மட்டுமே இருந்தது என் விரல்களுக்கு உண்மையிலேயே இடைஞ்சல். விரலால் மீட்டுபவர்கள் பலரும் தேடுவது 44.5 மி.மீ. அகலம்.

இரண்டாம் முறை தேடியபோது கையில் அளவுகோலும் கண்ணாடியும் கொண்டுபோனேன். மூன்று விற்பனையாளர்களிடம் ஒரே வேண்டுகோளை வைத்தேன்: முன்பலகை, பின்பலகை, பக்கப்பலகை ஆகிய மூன்றும் சாலிட்டா, ஒட்டுப்பலகையா என்று தனித்தனியாக ரசீதில் எழுதித் தர வேண்டும். முதல் இருவரும் பேச்சை மாற்றினார்கள். ஒருவர் உறையை இலவசமாகத் தருவதாகக்கூடச் சொன்னார். மூன்றாமவர் பேனாவை எடுத்து, கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘முன்பலகை மட்டும் சாலிட் ஸ்ப்ரூஸ். பின், பக்கங்கள் ஒட்டுப்பலகை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். நான் தேடியது மூன்றும் சாலிட்டான கிட்டார்தான் என்றாலும், அவரிடமே அதை வாங்கிக்கொண்டு வந்தேன்.